குருட்டுப் புள்ளி

காட்பாடிக் கல்லூரி, மூன்றாம் மாடி,
சித்திரை, மதியம் இரண்டரை.
ஏசி ஓடுவதாகச் சத்தம் மட்டும் கேட்கிறது.
விழித்திரையைப் படமெடுக்கும் வேலை எனக்கு.
ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போக வேண்டுமாம்,
டாக்டர்களுக்கு நேரமில்லை,
அதனால் நான்.

மேடையில் முஜீப் அகமது.
எந்தெந்த நாட்டிலோ படித்துவிட்டு வந்தவர்,
தமிழ் மட்டும் இன்னும் மேல்விஷாரத்தை விட்டுக் கிளம்பவில்லை.
வந்ததும் வராததுமாக
'பாலாற்றுப் பாலத்தை நினைவிலிருந்து வரையுங்கள்' என்று
ஆளுக்கொரு தாள் வாங்கி வைத்துக்கொண்டார்.
பிறகு ஒரு துண்டுச்சீட்டு:
இடப்பக்கம் கூட்டல் குறி, வலப்பக்கம் கரும்புள்ளி.
'இடது கண்ணைப் பொத்துங்கள்.
கூட்டல் குறியை மட்டும் பாருங்கள்.
மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள்.'

நாற்பத்துமூன்று பேர்
ஒற்றைக் கண்ணோடு சீட்டை முகர்ந்தோம்.
புள்ளி போனது.
போன இடத்தில் ஓட்டை இல்லை,
வெள்ளைத் தாள் இருந்தது, சுத்தமாக.
'ஓட்டையை ஓட்டையாகவே விட
மூளைக்கு மனசு வராது' என்றார்.

எனக்கு இது பழசு.
நாளைக்கு அறுபது கண்களில் பார்க்கிறேன்
நடுவில் சற்றே குழிந்த அந்த மஞ்சள் வட்டத்தை.
பார்த்ததையெல்லாம் உள்ளே அனுப்பும் வாசல் அது,
தான் ஒன்றையும் பார்ப்பதில்லை.

அடுத்த படம் அதே பாலம்.
கைப்பிடிச் சுவர், ஒரு பேருந்து, தூரத்தில் மலை.
பாலத்துக்குக் கீழே மட்டும்
சாம்பல் நிறக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்.
'மிச்சத்தை நிரப்பு' என்றார் இயந்திரத்திடம்.
நாலு விநாடி யோசித்தது
(யோசித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை),
நிரப்பியது:
கரை தொட்டு ஓடும் தண்ணீர்,
அலைமேல் வெயில்,
ஓரத்தில் படகு வேறு.

படகைக் கண்டு அறை சிரித்த சிரிப்பில்
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கிறவரை இருட்டிலும் சிரித்தோம்.

வெளிச்சம் வந்ததும்
எங்கள் தாள்களைப் பிரித்தார்.
நாற்பத்துமூன்றில் முப்பத்தொன்றில் தண்ணீர்.
மூன்று வளைகோடு, அதன்கீழ் மூன்று வளைகோடு,
இரண்டாம் வகுப்பில் ஆறு என்றால் போடுவோமே, அது.
ஒன்றில் மீன்.

அந்த மீன் என்னுடையது.
காலையில்தான் அந்தப் பாலத்தைக் கடந்து வந்தேன்.
ஜன்னலோர இருக்கை.

பின்வரிசையில் எபநேசர் எழுந்தான்:
'சார், தான் பார்த்தது எது, தானே போட்டது எதுன்னு
அதுக்குத் தெரியுமா?'
முஜீப் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.
'உங்களுக்குத் தெரிஞ்சுதா?' என்றார்,
கேலியாக இல்லை.

எனக்கு முனிரத்தினம் ஞாபகம் வந்தார்,
குடியாத்தம் மினிபஸ் டிரைவர்.
போன ஆடியில் பார்வைப்பரப்புச் சோதனை.
விளக்கு மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும்.
இடப்பக்கம் கால்வாசிக்கு
அவர் விரல் அசையவே இல்லை.
'கறுப்பா ஏதாவது தெரியுதா?'
'ஒண்ணுமில்லம்மா, எல்லாம் பளிச்சுனு இருக்கு.'

பளிச்சென்றுதான் இருந்திருக்கும்.
அதற்கு இரண்டு மாதம் முன்பு, பள்ளிகொண்டா தாண்டி,
அந்தக் கால்வாசியில்
நல்ல தார்ச்சாலை போட்டு வைத்திருந்தது மூளை.
சைக்கிளில் வந்தவனுக்கு அங்கே இடமில்லை.
(பிழைத்துக்கொண்டான். இடுப்பில் பிளேட்.)
கவனக்குறைவு என்று எழுதினார்கள்.
கவனித்துக்கொண்டுதான் இருந்தார்
இல்லாத சாலையை.

இதைச் சொல்லக் கையைத் தூக்கினேன்.
நேரமாகிவிட்டது, டீயும் வடையும் வெளியே என்றார்கள்.

திரும்பும்போது ஐந்தே முக்கால்.
நெரிசலில் பஸ் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது.
எட்டிப் பார்த்தேன், வேலையில் பார்ப்பதுபோல், மூலை மூலையாக:
மணல்.
சீமைக்கருவேலம்.
லாரி போன தடம்.
ஒரு வேட்டி அகலத்துக்குக் கறுத்த நீர்.
அதில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு
மீன் வரும் என்று நம்பிக்கொண்டு.

இல்லை,
நம்பிக்கொண்டு என்பது நான் போட்டது.
கொக்கு நின்றது.